உறைபனியில் ஓர் இடுப்புச் சோதனை

இன்று காலை கேத்தியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மகளை ஊட்டிக்குக் கூட்டிப்போனேன். பள்ளிப் பெண்களுக்கான பேஸ்பால் அணித் தேர்வு. மைதானத்துப் புல்லெல்லாம் உறைபனி.

கோவையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் குரங்குக் குல்லாவும் கையுறையுமாக நின்றார். பந்து வீசுபவர்களுக்கு இடுப்பு நன்றாகத் திரும்ப வேண்டுமாம். பஸ்ஸை விட்டு இறங்கிய பிள்ளைகளை அப்படியே சில்லிட்ட சிமெண்டுப் படியில் உட்காரவைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், கொஞ்சம் ஓடிட்டு வரட்டுங்களா? பேண்ட்டுக்குள்ள கம்பளி வேற போட்டிருக்கா" என்றேன்.

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க."

மகளின் காலை ஒரு தள்ளு தள்ளினார்.

"ரொம்ப இறுக்கமுங்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

அவ்வளவுதான். ஒரு பந்து வீசச் சொல்லவில்லை. வெயில் ஏறும்வரை காத்திருக்கவும் இல்லை. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

கிளம்பும்போது எங்கிருந்தோ ஒரு பந்து உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. குனியப் பார்த்தார், முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அதக் கொஞ்சம் எடுத்துக் குடு சாமி. இந்தக் குளுருக்கு எனக்கு இடுப்பே மடங்க மாட்டீங்குது."

அவள் சட்டென்று குனிந்து எடுத்து, மரியாதையாக அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாலடி தள்ளி நின்று வீசியிருந்தால், அவள் வீசுவதையாவது அந்த மனிதர் பார்த்திருப்பார். பிள்ளைக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தது என் தப்புதானே? நீங்களே சொல்லுங்கள்.