ஊசிக்கு நான் சொன்ன ‘ஆமாங்க’

2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். சுபுஹுத் தொழுதேன். ஐந்து ஐம்பதுக்கு என் மனைவி ரஹ்மத்தின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், 138. செவ்வாய் எடை பார்க்கும் நாள், 97.6 கிலோ. ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருக்கும் சிறிய வெப்பமானி ஐந்து டிகிரி காட்டியது. ஊசிப் பேனாவை எடுத்து அவள் தொடையில் போட்டேன். பேனாவில் இன்னும் ஒரே ஒரு வாரத்து மருந்துதான் மீதி என்று டைரியில் குறித்துக்கொண்டேன். எட்டு மணிக்குக் கடை திறந்தேன்.

கொல்லிமலை செம்மேட்டில் சாக்கு, கயிறு, மண்வெட்டி விற்கும் சிறிய கடை என்னுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. சொந்த ஊர் அடிவாரத்தில் இருக்கும் காளப்பநாயக்கன்பட்டி. மலைக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. நான் எதையும் எழுதி வைக்கிறவன். மழை பெய்த நேரம், மின்சாரம் போன நேரம், வந்த போன், ரஹ்மத்தின் சர்க்கரை எல்லாம் என் டைரியில் இருக்கும். தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று எனக்கு என்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை அன்று காலை பதினொன்று இருபதுக்கு உடைந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷமீமா போன் செய்தாள். “அத்தா, அம்மா ஊசிக்கு இனிமே பணம் தர மாட்டாங்களாம்” என்றாள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ரஹ்மத்துக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஷமீமா பிறந்தபோது ஆபரேஷன் செய்த இடத்தில், வயிற்றுச் சுவர் பலவீனமாகி, குடல் வெளியே பிதுங்க ஆரம்பித்தது. நாமக்கல்லில் அறுவை மருத்துவர் பார்த்தார். 108 கிலோ எடையோடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, தையலும் நிற்காது, 92-க்கு வந்த பிறகுதான் கத்தி வைப்பேன் என்றார். பிதுங்கிய குடல் ஒருநாள் உள்ளே திரும்பாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காததால், சர்க்கரை டாக்டர் வாரம் ஒருமுறை போடும் அந்தப் புது ஊசியை எழுதிக் கொடுத்தார். சர்க்கரையும் அடங்கும், எடையும் இறங்கும் என்றார். அப்படியே இறங்கியது. மே மாதம் தொடங்கி ஆறு மாதத்தில் பத்து கிலோவுக்கு மேல் குறைந்தது. கடை வருமானத்தில் அந்த ஊசியை மாதாமாதம் வாங்க எங்களால் முடியாது. ஷமீமாவின் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடம் இருந்தது. அதில்தான் வாங்கி வந்தோம்.

அக்டோபரில் காப்பீடு புதுப்பிக்கப்பட்டபோது விதி மாறியது. எடை குறைப்பதற்கான மருந்துகளுக்கு இனிப் பணம் கிடையாது. அதே ஊசி சர்க்கரைக்காக என்றால் உண்டு. ரஹ்மத்துக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே என்று நாங்கள் கவலைப்படவில்லை.

மறுப்புக் கடிதத்தின் கடைசி வரியை ஷமீமா வாசித்தாள். எடை குறைப்பதற்காகவே இந்த ஊசி போடப்படுகிறது என்று நோயாளியின் கணவர் தொலைபேசியில் உறுதி செய்துள்ளார் என்று இருந்தது.

“நீங்களா அத்தா சொன்னீங்க?”

நான் டைரியை எடுத்தேன். அக்டோபர் 29, புதன்கிழமை. “காலை 10.40. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து போன். கடும் மழை. ஐந்து நிமிடம் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன்.” என் கையெழுத்துத்தான். அன்று தகரக் கூரைமேல் மழை கொட்டியது. கடையில் மழைக்கு மூட ஆள்கள் தார்ப்பாய் கேட்டு நின்றார்கள். போனில் அந்தத் தம்பி என்ன கேட்டார் என்று பாதி காதில் விழவில்லை. நான் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஆமாங்க என்றால் சம்மதம் என்று மட்டும் அர்த்தமில்லை. நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்றும் அர்த்தம். ஒருவர் பேசும்போது சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று சொல்கிற வார்த்தை அது. சென்னை அலுவலகத்தில் அதை எழுதிக்கொண்டவருக்கு அது தெரிய நியாயமில்லை.

மறுபரிசீலனைக்கு ஷமீமா அன்றே மனு அனுப்பினாள். ரஹ்மத்திடம் நான் சொல்லவில்லை. ஏதோ காகிதம் போய் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்தான்.

14ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக மலை இறங்கி ஊருக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத் எல்லாருக்காகவும் துஆ கேட்டார். வழக்கம்போல நானும் கையேந்தி வரிக்கு வரி ஆமீன் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. ஹஜ்ரத் இப்போது என்ன கேட்டார்? எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தைய வரி? அதுவும் தெரியவில்லை. யாருக்காகவோ எதையோ கேட்கிறார்கள், நான் ஆமீன் என்கிறேன். மனம் கடையில் இருக்கிறது. அல்லாஹ்விடமும் நான் இத்தனை வருடம் ஆமாங்க சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. எல்லாரும் எழுந்து போன பிறகும் கை ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தேன். கேட்க ஒரு வார்த்தையும் வரவில்லை. அவ்வளவு வெறுமையாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

18ஆம் தேதி கடைசி ஊசி போட்டோம். காலிப் பேனாவை ரஹ்மத் தூக்கிப் போட மனமில்லாமல் ஃப்ரிட்ஜிலேயே திரும்ப வைத்தாள்.

20ஆம் தேதி வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு அவளுக்கு வயிற்று வலி வந்தது. பிதுங்கிய இடம் கல் மாதிரி இருந்தது. அமுக்கினால் உள்ளே போகவில்லை. இரண்டுமுறை வாந்தி எடுத்தாள். தெரிந்தவர் ஜீப்பில் ஏற்றி இறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் என் கையை இறுக்கினாள். அந்த நேரத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசிக்காமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி நின்றது காகிதத்தால் இல்லை, என் வாயால் என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “நிக்காஹ்வுல சம்மதமான்னு ஹஜ்ரத் கேட்டப்பவும் ஆமாங்கன்னுதானே சொன்னீங்க. அவருதான் அப்படிச் சொல்லக்கூடாது, கபூல்னு சொல்லுங்கன்னு திருப்பிச் சொல்லிக் குடுத்தாரு. உங்களுக்கு எதையும் ரெண்டாவது தடவை சொல்லிக் குடுக்கணுங்க.”

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டும்போது வீக்கம் தானாகத் தளர்ந்தது. நாமக்கல்லில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த முறை தப்பித்தீர்கள், அடுத்த முறைக்கு நான் உத்தரவாதம் இல்லை, எடை எப்படியாவது இறங்கட்டும் என்றார். எப்படியாவது என்ற வார்த்தையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம்.

25ஆம் தேதி செவ்வாய், ஊசி இல்லாத முதல் வாரம். சர்க்கரை 187. டைரியில் ஊசி என்ற இடத்தைக் காலியாக விட்டேன். இரண்டு நாள் அப்படியே போனது. பசி திரும்ப வந்துவிட்டது என்று ரஹ்மத் குற்றம் செய்தவள்போலச் சொன்னாள். ராகிக் களியை அரை உருண்டையோடு நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

27ஆம் தேதி வியாழன், சுபுஹுக்குப் பிறகு எனக்கு முதல்முறையாகக் கேட்க வார்த்தை வந்தது. பெரிய துஆ இல்லை. “யா அல்லாஹ், நான் காது கொடுக்காமல் சொன்ன வார்த்தையை, காது கொடுத்துக் கேட்கும் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்” என்றேன். நானே ஆமீன் சொன்னேன். அதன் அர்த்தம் தெரிந்து சொன்னேன்.

அன்று மதியம் பன்னிரண்டு ஐந்துக்குப் போன் வந்தது. காப்பீட்டு அலுவலகத்தின் மறுபரிசீலனைப் பிரிவு. ஒரு பெண் பேசினார். நான் முதலில் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகக் கேட்டேன். அக்டோபர் மாதப் பேச்சின் ஒலிப்பதிவை இரண்டுமுறை கேட்டதாகச் சொன்னார். பிறகு அவருடைய பேச்சு மாறியது.

“ஏனுங்க பாய், எடை குறையத்தானே போடறீங்கன்னு கேட்டா ஆமாங்கங்கறீங்க. சர்க்கரைக்கு இல்லையேன்னு கேட்டா அதுக்கும் ஆமாங்க. நான் பேசறது கேக்குதுங்களான்னா ஆமாங்க. கேக்கலீங்களான்னாலும் ஆமாங்க. இதுல எந்த ஆமாங்கவை நான் எழுதிக்கட்டும்?”

எந்த ஊர் என்று கேட்டேன்.

“முள்ளுக்குறிச்சிங்க. எங்கப்பா இப்படித்தானுங்க. பீடியை விட்டுட்டீங்களான்னு டாக்டரு கேட்டா, பீடி வாசத்தோட ஆமாங்கம்பாரு. இங்க இருக்கறவங்களுக்கு இது புரியாதுங்க. எனக்குப் புரியுது. ஆனா எனக்குப் புரிஞ்சா பத்தாது, காகிதம் வேணும். உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு முந்தியே சர்க்கரை இருந்ததுக்கு என்ன வெச்சிருக்கீங்க?”

ஒன்பது வருட டைரி இருக்கிறது என்றேன்.

“டைரி செல்லாதுங்க பாய்.”

ஒவ்வொரு மாத முடிவிலும் டாக்டரின் சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன் என்றேன்.

“ஒட்டுன சீட்டு செல்லும்ங்க” என்றார். “எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க சாமி.”

அந்த அலுவலகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மலைக்கு அடுத்த பக்கத்து அடிவாரத்தில் பிறந்த ஒரு பெண்ணின் மேசைக்கு எங்கள் மனு போனது. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அன்று காலை நான் கேட்டது என்ன என்று என் டைரியில் இருக்கிறது.

டிசம்பர் 2ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அனுமதி வந்தது. அன்றே நாமக்கல் போய் ஐஸ் டப்பாவில் ஊசியை வாங்கி வந்தேன்.

நான் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். விதி மாறவில்லை. எங்களுக்குக் கிடைத்ததும் வரும் செப்டம்பர் வரைதான். ஷமீமாவோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் தாயாருக்கு எடையால் முழங்கால் போய்விட்டது. அவருக்குச் சர்க்கரை இல்லை. அதனால் ஊசி நின்றது நின்றதுதான். ரஹ்மத்தின் நோய் எங்களுக்கு உதவியது, அந்த அம்மாவின் நோயின்மை அவரைக் கைவிட்டது. இதை நினைக்கும்போது என் நன்றிக்குள் ஒரு கனம் இருக்கிறது. தினமும் அவருக்காகவும் கேட்கிறேன். பதில் இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 3ஆம் தேதி ரஹ்மத்தின் எடை 91.8. ஊசியை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, 2026 பிப்ரவரி 10ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மணி நேரம். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக முடிந்தது.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே, நான் மார்க்கம் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வார்த்தை வராத நாளிலும் கையை ஏந்தி உட்காருங்கள். நாம் கேட்காமல் சொன்னதையும் அவன் கேட்கிறான். நம் அவசரத்தையும் மடத்தனத்தையும் தாண்டி நம் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒருவரை எங்கிருந்தாவது எழுப்புகிறான். ஆமீன் சொல்லும்போது மட்டும், எதற்குச் சொல்கிறோம் என்று காது கொடுங்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள், 11ஆம் தேதி. காலை ஐந்து மணிக்கு வார்டில் விளக்கு போட்டார்கள். நர்ஸ் வந்து ரஹ்மத்திடம், “நைட்டு நல்லாத் தூங்கினீங்களாம்மா? வலி இல்லதானே?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றாள் ரஹ்மத். அவள் உதடு வெளுத்திருந்தது.

நர்ஸ் சீட்டில் எழுதப் போனார். நான் எழுந்து, “எழுதாதீங்க தங்கச்சி, இன்னொரு தடவை கேளுங்க” என்றேன்.

அவர் குனிந்து, மெதுவாக, வலிக்கிறதா என்று கேட்டார். ரஹ்மத் என்னைப் பார்த்தாள். பிறகு, “வலிக்குதுங்க, ரொம்ப வலிக்குதுங்க” என்றாள்.

நர்ஸ் மருந்து எடுக்கப் போனார். நான் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போனேன்.