தண்ணீர் ட்யூபில் ஒரு மாடு

எங்கள் லேபில் ஒரு மான் மாடாக மாறிய கதையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னீஷியன். பக்கத்து மிருகக்காட்சி சாலைக்கு ஓர் ஆண்மான் வந்திருந்தது. அது காடுகளில் என்று பார்த்தால் மணிப்பூரில் மட்டும் மிஞ்சியிருக்கிற சங்காய் மானா, அதே சாயலுள்ள பர்மா மானா என்று தெரியவில்லை. சங்காய் என்றால் மிருகக்காட்சி சாலையில் ஏற்கெனவே இருந்த சங்காய்ப் பெண்மான்களோடு சேர்ப்பார்கள். இல்லையென்றால் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்துதான் வரும், அதில் ஒரு துண்டைப் படித்தால் தாய்வழி தெரிந்துவிடும். படிக்க வேண்டியவர்கள் ஆராய்ச்சி மாணவி ஸ்டெல்லாவும் நானும்.

மானைப் பராமரித்த மாரி, வேரோடு முடி எடுத்துவந்தார். "தனியா நின்னுகினு கீது சார். தீனியே எடுக்க மாட்டேங்குது. சீக்கிரம் சொல்லுங்க."

டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கித் தரும் பி.சி.ஆர். மெஷின் எங்களிடம் கிடையாது. வெவ்வேறு சூட்டில் மூன்று வாட்டர் பாத். ஸ்டாப்வாட்சைப் பார்த்து ட்யூப்களைக் கையால் மாற்றி மாற்றி வைப்போம். கடைசியில் எக்ஸ்ரே ஃபிலிமில் டி.என்.ஏ.வின் எழுத்துகள் கோடுகளாக விழும்; அவற்றை நான் "ஏ, டி, ஜி" என்று ஏலம் விடுவதுபோல் வாசிப்பேன். ஸ்டெல்லா எழுதுவார்.

எழுதியதை மற்ற விலங்குகளின் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "அண்ணா, இது மாடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த முறை வந்த மாரியிடம், "மாட்டு முடியைக் கொண்டாந்தீங்களா?" என்று பாய்ந்தேன்.

"இன்னா சார், மாட்டுக்கும் மானுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

ஸ்டெல்லா அலட்டிக்கொள்ளவில்லை. மறுபடி செய்தபோது, முடிக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட ட்யூப் ஒன்றையும் கூடவே ஓட்டினார். அதிலும் டி.என்.ஏ. இருக்கிறது என்று காட்டும் பட்டை பளிச்சென்று விழுந்தது.

"தண்ணிக்கும் கொம்பு முளைச்சிருக்கு அண்ணா."

ரியாக்‌ஷன் நன்றாக ஓடட்டும் என்று நாங்கள் எல்லா ட்யூப்களிலும் வழக்கமாகச் சேர்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம், மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது. அதோடு ஒட்டிக்கொண்டு மாட்டின் டி.என்.ஏ.வும் வந்திருந்தது. அதை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். தண்ணீர் ட்யூப் சுத்தமாக இருந்தது. மானின் வரிசை மிருகக்காட்சி சாலைப் பெண்மான்களின் வரிசையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. பர்மா மான் கிட்டத்துச் சொந்தம்தான், ஆனால் சில எழுத்துகள் தள்ளி நின்றது.

கூண்டைத் திறந்த அன்று எங்களையும் கூப்பிட்டார்கள். மான் கொஞ்சம் தயங்கி, கூட்டத்துக்குள் போய்ப் புல் மேய்ந்தது. "துன்னுது சார்," என்று மாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனம் நிறைந்துபோயிற்று.

குட்டி பிறந்ததும் மாரி ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "இதுக்கும் முடி எடுக்கணுமா சார்?"

"வேணாம் மாரி. இது மாடு இல்லைன்னு எனக்கே தெரியும்."

அன்று நான் மாரியைச் சந்தேகப்பட்டேன். ஸ்டெல்லா எங்கள் கை வேலையைச் சந்தேகப்பட்டார். லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வெறும் தண்ணீர் ட்யூபை ஓட்டிப் பார்க்காமல் யார்மீதும் பாயாதீர்கள்.