நாலு மணிக்குள் ஓட வேண்டும்

மத்தியானத்தில் இடி உருள ஆரம்பித்தால் இன்றைக்கும் என் கண் பிளக் பாயிண்ட்டைத்தான் தேடும். அந்தப் புதன்கிழமைதான் காரணம்.

மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் ஒரு கம்பெனியில் வேலை வாங்கியிருந்தேன். மலையில் எங்கள் ஊரான வெள்ளக்கடையில் இருந்தபடியே செய்யலாம் என்றார்கள், ஆனால் அவர்களுடைய புராஜெக்ட் அன்று நாலு மணிக்குள் என் லேப்டாப்பில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் திங்கட்கிழமை சென்னை ஆபீஸ். சென்னை என்றால் மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவது.

என் லேப்டாப்பில் அது நேரடியாக ஓடாது. வெர்ச்சுவல் மெஷின் போட வேண்டும். அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரை எடுத்தால் லேப்டாப் அணைந்துவிடும். நான் உட்கார்ந்திருந்த அறையில் இருந்ததோ ஒரே பிளக் பாயிண்ட், போன மழையில் மின்னல் இறங்கி டிவியைப் பொசுக்கிய அதே பாயிண்ட். கரிந்து லூசாகிக் கிடந்தது. அட்டையை மடித்துச் செருகித்தான் பிளக்கை நிற்க வைத்திருந்தேன்.

எழுபது சதவீதம் ஏறியிருந்தபோது முதல் இடி. எஸ்டேட் வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மாமியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டார். இந்த மலையில் இடி கேட்டால் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வேலை. அவர் மேல் தப்பில்லை. ஆனால் திரை கறுத்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"ஏனுங்கத்தை, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் புடுங்கக் கூடாதுங்களா? போச்சுங்க, எல்லாமே போச்சு."

சென்னை விஷயத்தை அழுதுகொண்டே கொட்டினேன். அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை. அவர் பிளக்கைத் திரும்பச் செருகி, தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

பாதியில் நின்ற மெஷின் கெட்டுப்போயிருந்தது. அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மணி இரண்டே முக்கால். இடி நெருங்கி வந்தது, ஜன்னல் வெளுத்து வெளுத்து அணைந்தது. நாற்பது சதவீதத்திலேயே பத்து நிமிஷம் நின்றது சனியன். மலைமேல் இருக்கும் சேர்வராயன் சாமிக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். அந்த எண்ணைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது புராஜெக்ட்டின் முதல் பக்கம் திறந்தது. படம் எடுத்து அனுப்பினேன். சரி, வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று பதில் வந்தது. "ஆச்சுங்கத்தை" என்று திரும்பினேன்.

சுவரோரம் அப்படியே இருந்தார். ஒரு கை என் மகளின் காதைப் பொத்தியிருந்தது. மடித்த அட்டை எங்கோ மூலையில் கிடந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, நழுவும் பிளக்கை அந்தக் கரிந்த பாயிண்டோடு மறு கையால் அழுத்திப் பிடித்திருந்தார், அவ்வளவு நேரமும்.

"இப்பப் புடுங்கட்டுமா கண்ணு?"

ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்து அவர் விரல்களைப் பிரித்தேன். மரத்துப்போயிருந்ததால் அவை உடனே பிரியவில்லை.