பச்சை பாஸ்

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் பெட்டிக் கதவுகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் அவளும் நானும் இருந்தோம். மதியச் சோற்றோடு என் போனில் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்போம். கப்பலின் பெண் மருத்துவரும் மெக்கானிக்கும் காதலைச் சொல்லிக்கொள்வார்களா என்பதற்காகவே நான்கு சீசனைச் சகித்தோம். ஐந்தாவதில் மருத்துவரையே காணோம். செத்தாள் என்றுகூடச் சொல்லவில்லை. மெக்கானிக் பாட்டுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா கதை இது? ஒருத்தி காணாம பூட்டா, கூட கீறவன் ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?" என்று டிபன் பாக்ஸை அறைந்து மூடினாள்.

எழுதியவன் கையை முறிக்க வேண்டும் என்றேன். அவளிடம் வேறொன்றையும் சொல்ல நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் கான்ட்ராக்டர் மாறினார். எங்கள் யார்டில் கான்ட்ராக்டர் மாறினால் கேட் பாஸின் நிறமும் மாறும். புது பாஸ் வராதவருக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்பவரின் பாஸும் போய்விடும்.

நீலத்தைக் கொடுத்துப் பச்சை வாங்கினேன். அவள் நீல பாஸோடு கேட்டுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா திரும்பிப் பாக்குற? ஒனக்கு வந்துகீதுல்ல, போய்க்கினே இரு" என்றான் பாஸ் கொடுத்த கிளார்க்.

உள்ளே போய் முதல் பெட்டியின் சீலைப் பார்க்க ஆரம்பித்தேன்.