கங்காவின் காலி வட்டம்

சேரப்பணஞ்சேரி கங்கா போராடி வாங்கியவை இவை. தமிழ்வழியில் படித்து, இரண்டாவது முயற்சியில் எம்.பி.பி.எஸ். இடம். "பொம்பளப் புள்ளைக்குக் கண்ணு, தோலுன்னு எடுத்தா போதாதா?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்ட பிறகும் அறுவைச் சிகிச்சையில் மேல்படிப்பு. நான்கடி பத்தங்குல உயரத்துக்கு ஆபரேஷன் தியேட்டரில் ஏறி நிற்க ஒரு மரப்படி. அதுவும் மூன்று முறை எழுதிக் கேட்டு வாங்கியது. மாநில அறுவை மருத்துவர்கள் கூட்டத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இரண்டாம் பரிசு. இவற்றோடு, தியேட்டர் ரிஜிஸ்டரில் ஒரு கட்டத்துக்குள் ஒரு கையெழுத்து. அவள் அக்கா செந்தாமரையைக் கேட்டால் அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் சொல்வாள்.

செந்தாமரை பத்தாவதோடு நின்றவள். ஒரகடத்தில் பிரேக் குழாய் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு குழாயை எடுத்தால் மூன்று இடம் தொட்டுப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். வீட்டில் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட அதன் கழுத்திலேயே எழுதி வைப்பாள்.

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து கங்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இந்த வாரம் எத்தினி ஆபரேஷன்டி?"

"பதினாறு."

"பலே!"

"இன்னா பலே? பதினாறுலயும் கொக்கி புடிச்சுகினு நின்னேன்க்கா. டாக்டருக்கு உள்ள தெரியணும்னு வயித்த விரிச்சுப் புடிப்பாங்களே, அது. கத்தி எடுத்தது எல்லாம் பசங்கதான். தளவாய் என்கூட சேந்தவன். அவன் பேர்ல பத்துக்கு மேல கீது. பதினாலு மாசமாச்சு, என் பேர்ல ஒண்ணுகூட இல்ல."

மூன்று வருஷப் படிப்பு. இப்படியே போனால் பட்டம் கையில் இருக்கும், கைக்கு வேலை தெரியாது.

"வாயத் தொறந்து கேளேன்டி."

"சீஃப்கிட்ட நாலு வாட்டி கேட்டுட்டேன். 'அடுத்த வாரம் பாக்கலாம்மா'ன்றாரு. அவரு கெட்டவரு இல்லக்கா. நாளைக்கு யாருக்கு எந்த கேஸுன்னு எங்க முடிவாவுது தெரியுமா? ஆம்பள டாக்டருங்க டிரஸ் மாத்தற ரூம்ல. டீ குடிச்சுகினே பிரிச்சுக் குடுத்துடுவாரு. நாங்க ரெண்டு லேடி டாக்டரும் நர்சுங்க ரூம்ல மாத்திகினு வர்றதுக்குள்ள லிஸ்ட் முடிஞ்சிரும்."

செந்தாமரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க சூப்பர்வைசர் ஜென்ட்ஸ் பாத்ரூம்ல வெச்சு வேலை பிரிச்சா லைனையே நிறுத்திடுவோம்டி!"

சிரித்துக்கொண்டே எழுந்து போனவள் பழைய காலண்டர் தாளும் தம்ளருமாக வந்தாள். கம்பெனி வாசலிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அதனால் போட்டோ கிடையாது. லைனில் தொங்கும் பலகையை ஞாபகத்திலிருந்தே வரைந்தாள். இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள், மேலே வேலைகள், கட்டத்துக்கு ஒரு வட்டம். வேலையைப் பார்த்தவருக்குக் கால் வட்டம் நிரப்புவார்கள். உதவிக்கு நின்றவருக்கு அரை. தெரிந்தவர் பக்கத்தில் இருக்க, தன் கையாலேயே செய்தவருக்கு முக்கால். அடுத்தவருக்குக் கற்றுத்தரத் தெரிந்தால் முழுசு.

"இதப் போட்டு மாட்டு. புகார்னு ஒரு வார்த்த எழுதாத. வட்டம் யாரையும் திட்டாது. காலியா கீறது காலியா கீதுன்னு மட்டும் காட்டும்."

ஆறு வாரம் ஆனது. நோயாளிகளின் பெயரைத் தொடாமல், எந்த அறுவை, யார் செய்தது என்று மட்டும் ரிஜிஸ்டரிலிருந்து கங்கா போனில் படிப்பாள். செந்தாமரை கோடு போட்டு எண்ணுவாள், மூன்று முறை சரிபார்ப்பாள். வட்டங்களுக்குக் கீழே எண்ணிக்கையும் ஏறியது. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, தியேட்டர் வாசலில் அந்த வட்டங்கள் போட்ட அட்டை ஏறியது. ஆண்கள் நான்கு பேருக்கும் முக்கால் வட்டங்கள். பெண்கள் இருவருக்கும் அரைக்கு மேல் ஒன்றும் இல்லை.

"என்ன கங்கா, தோசையா ஊத்தி வச்சிருக்கே?" என்றான் தளவாய். பிறகு தன் வரிசையை விரல் வைத்துப் படித்தான்.

சீஃப், பேராசிரியர் நரசிம்மன் வந்தார். நின்று பார்த்தார். அட்டையைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

இரண்டு நாள் செந்தாமரைக்குச் சோறு இறங்கவில்லை. தங்கையின் படிப்பில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோமோ? புதன்கிழமை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது போன் அடித்தது.

"அக்கா! அட்டை திரும்ப வந்துடுச்சு! நீ தப்பா எண்ணிட்டே!"

"மூணு வாட்டி பாத்தமேடி!"

"தளவாய்க்குப் பதினொண்ணு இல்ல, பன்னெண்டு! மருந்துக் கறை பட்டு ரெண்டு பக்கம் ஒட்டிகினு இருந்துச்சாம். சீஃப் ரெண்டு நாளா ரிஜிஸ்டரை வெச்சு அவரே எண்ணிகீறாரு. பதினொண்ண அடிச்சு செவப்பு மையில பன்னெண்டுன்னு போட்டுகீறாரு!"

தான் எண்ணியது தவறு என்று கேட்டுச் செந்தாமரை சந்தோஷப்பட்டது அவள் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

"வேற இன்னாடி சொன்னாரு?"

"'நான் ஆளப் பாத்துக் குடுக்கலம்மா, கண்ணுக்கு முன்னாடி நின்னவனுக்குக் குடுத்துட்டேன்'னாரு. இனிமே காலையில ஏழரைக்கு வார்டுல, எல்லார் முன்னாடியும்தான் லிஸ்ட். இத ஆராய்ச்சியா எழுதணுமாம், அவரே கைடாம்! 'இந்த வட்டம் எந்தப் புஸ்தகத்துல கீது'ன்னு கேட்டாருக்கா. ஒரகடத்துலன்னேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி செந்தாமரை சிரித்தாள்.

சொன்னபடி நடந்தது. வரிசையாகச் சிறு சிறு வேலைகள் கொடுத்துப் பழக்கிய பிறகு, வாலாஜாபாத் விவசாயி ஒருவரின் குடலிறக்க அறுவை கங்காவின் பெயரில் லிஸ்டில் ஏறியது. அன்றைக்கு மரப்படியைக் காலால் தள்ளிச் சரியான இடத்தில் வைத்தவன் தளவாய். எதிர்ப்பக்கம் நின்று கொக்கி பிடித்தவர் நரசிம்மன். "நிதானமா, நிதானமா" என்பதைத் தவிர அவர் வாய் திறக்கவில்லையாம். ஒரு மணி பத்து நிமிஷத்தில் கடைசித் தையல்.

ஷிப்ட் முடிந்து செந்தாமரை போனைத் திறந்தபோது ஒரு படம் வந்திருந்தது. ரிஜிஸ்டரின் ஒரு வரி. நோயாளியின் பெயரைக் கங்காவின் கட்டைவிரல் மறைத்திருந்தது. அறுவை செய்தவர் என்ற கட்டத்தில், கோணல் இல்லாமல், கங்காவின் கையெழுத்து. செந்தாமரை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டத்தில் இருந்த தேதியைச் சத்தமாகப் படித்தாள்: 19.11.2024, செவ்வாய்க்கிழமை.