முத்தாயி காட்டிய சாட்சி

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிளார்க்காக இருந்தேன். என் குடும்பத்துக்கு முன்பே இலங்கைக் குடியுரிமை கிடைத்திருந்தது. அந்தத் திமிரில், சட்டமென்றால் சட்டம்தான் என்று பேசுவேன். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டிய முத்தாயி, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவள். போரில் இந்தியக் கப்பல் நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்டாள். அடையாள அட்டை இல்லாமல், சோதனைச் சாவடிக்குப் பயந்து, வரக்காப்பொல சந்தைக்குக்கூட அவள் போனதில்லை. சம்பள நாள்தோறும் எல்லார் முன்னாலும் அவளிடம், "இந்தியாக்காரி, எப்ப போறே?" என்று கேட்பேன்.

2003இல் புதிய சட்டம் வந்தது. அவளைப் போன்றவர்களும் இந்நாட்டுப் பிரஜையாகலாம் என்றார்கள். தோட்டப் பாடசாலையில் பதிவு நடந்தது. நான் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு காலமும் இங்கேயே இருந்ததற்கு யார் சாட்சி என்று சிங்கள அதிகாரி அவளிடம் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள்.

"இந்தக் கிளாக்கர் ஐயாதாங்க. எப்ப போறேன்னு மாசாமாசம் கேட்டவரு. நான் போகலேன்னு அவர விட யாருக்குங்க நல்லாத் தெரியும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சொன்னதை நான்தான் சிங்களத்தில் சொல்லவேண்டும். மழுப்பியிருக்கலாம். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

"உண்மையா?" என்றார் அதிகாரி.

"உண்மை. இந்த அம்மா இங்கேதான் இருந்தார்."

அதிகாரி முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் முத்தாயி, "இனி சம்பளத்தன்னைக்கு என்னாங்க கேப்பீங்க?" என்று சிரித்தார்.

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவரை விரட்டிய என் வாய்க்கு அவரை இருத்தவும் முடிந்ததே என்பதுதான் இந்த வயதில் எனக்குள்ள ஆறுதல்.