நல்லாயிருக்குதுங்க

மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது ஆடிக் கடைசியில். போனது ஆவணி முதல் புதன்கிழமை. மோட்டார் பட்டறையில் பிரஸ் மெஷின் என் வலது கையை நசுக்கியதிலிருந்து மாதாமாதம் வந்த உதவித்தொகை, அதுவரை தற்காலிகம்தான். கையின் குறை நிலையானது என்று போர்டு சொன்னால் ஆயுள் முழுக்க வரும். குணமாகிவிட்டது என்றால் அத்துடன் நின்றுவிடும். சோமனூரில் எங்கள் வீட்டு வாடகை அந்தப் பணத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

நூலகத்தில் விதிகளைத் தேடிப் படித்திருந்தேன். விபத்து நடந்த தேதி, தையல் பிரித்த தேதி, மறுபடி வேலைக்குப் போன தேதி எல்லாம் மனப்பாடம். உள்ளே மூன்று டாக்டர்கள். ஒருவரும் தேதி கேட்கவில்லை. நடுவில் இருந்தவர் தலையைத் தூக்கி, "கை எப்படி இருக்குது?" என்றார்.

"நல்லாயிருக்குதுங்க" என்றேன்.

விரல்களைத் தொட்டுப் பார்த்து ஏதோ எழுதினார். போகலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள்.

"ஏனுங்க, அதுக்குள்ள ஆயிப்போச்சா? என்ன கேட்டாங்க?"

சொன்னேன்.

"நல்லாயிருக்குதுன்னா சொன்னீங்க?"

"கேட்டா அப்படித்தானே சொல்லோணும்?"

"கண்ணாலத்துக்கா வந்திருக்கோம், சௌக்கியம் விசாரிக்கறதுக்கு? காலைல சட்டைப் பித்தான் போட்டுவுட்டது ஆருங்க? எந்திரிங்க."

அடுத்த ஆள் வெளியே வந்ததும், பியூன் தடுப்பதற்குள் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இப்பத்தானே நல்லாயிருக்குதுன்னாரு?" என்றார் டாக்டர்.

"அவரு அப்படித்தானுங்க. கை நசுங்கின அன்னிக்கு ஆஸ்பத்திரில போய்ப் பாக்கறேன், அப்பவும் நல்லாயிருக்குதுன்னுதான் சொன்னாருங்க."

ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, வலது கையால் தூக்கச் சொன்னார்.

தூக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தூக்க முடியாமல் இருப்பதுதான் எங்களுக்கு நல்லது என்பதும் தெரியும். ஆனால் விரல்கள் பாட்டிலைச் சுற்றியதும் அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். பாட்டில் மேசையைவிட்டு எழும்பியது. ஒரு கணம் நின்றது. பிறகு நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

டாக்டர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஆயுள் முழுக்க என்று முடிவாகி உத்தரவு வந்தது அடுத்த மாதம்தான். ஆனால் மனைவிக்கு அன்றே தெரிந்துவிட்டது. திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "நல்லவேளைங்க, விழுந்துபோச்சு" என்றாள்.

ஆமாம் என்றேன். பாட்டில் அந்தரத்தில் நின்ற கணத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.